பெட்டிக்குள் ஒரு கணினி

நாம் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியும், வங்கியிலுள்ள வாப்பாவின் கணக்கும், பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் பெறுபேறும் எங்கோ ஒரு சேவையகத்தின் வழியாகவே நம்மிடம் வருகின்றன. பிற கணினிகள் கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கணினியே சேவையகம். நுகேகொடையில் உள்ள ஓர் அலுவலகத்தில் அவற்றைப் பராமரிப்பது எனது தொழில். "நீ அங்க என்னதான் மகள் செய்யிற?" என்று உம்மா ஒருநாள் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலே இக்கட்டுரை.

வெள்ளவத்தையின் தொடர்மாடி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காணி ஒன்று, அத்திவாரம் ஒன்று. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு, தனி மின்மானி. அவ்வாறே ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகளைத் தனித்தனியே குடியமர்த்தலாம். இவற்றை மெய்நிகர் பொறிகள் என்கிறோம். ஐ.பி.எம். நிறுவனம் 1972 இலேயே இதற்கான மென்பொருளை அறிமுகப்படுத்தியது. சாதாரண கணினிகளுக்கு இதைக் கொண்டுவந்த வீஎம்வெயார் நிறுவனம் 1998 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களில் ஒருவரும் முதல் தலைமை அதிகாரியும் டயான் கிரீன் என்ற பெண்மணி.

தொடர்மாடிக்கு ஒரு முகாமையாளர் தேவை. அந்த வேலையைச் செய்யும் மென்பொருள் வீசென்டர். முன்பு இதை நிறுவ, முதலில் விண்டோஸ் பணிசெயல் முறைமை, பின்னர் தரவுத்தளம், அதன் பின்னர் மென்பொருள் என ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒன்றின் பதிப்பு மற்றதோடு பொருந்தாவிட்டால் எல்லாம் வீண். 2011 இல் இவை அனைத்தும் லினக்ஸ் மீது ஏற்கெனவே பொருத்தப்பட்ட ஒரு மெய்நிகர் பொறியாக வெளிவந்தன. இதற்கு 'அப்ளையன்ஸ்' என்று பெயர். சாமான் பட்டியலைத் தருவதற்கும் சமைத்த சஹனைக் கொண்டுவந்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. 2020 இல் வந்த ஏழாம் பதிப்போடு விண்டோஸ் வடிவம் கைவிடப்பட்டது.

நிறுவும் வேலை இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில் பொறி சேவையகத்தில் இறக்கப்படுகிறது. ஏழாம் பதிப்பின் மிகச் சிறிய அளவுக்கு 2 செயலிகளும் 12 ஜிகாபைட் நினைவகமும் போதும். அது 10 சேவையகங்களையும் 100 மெய்நிகர் பொறிகளையும் கவனிக்கும். இரண்டாம் கட்டத்தில் நேரம், கடவுச்சொல் முதலியவை அமைக்கப்படுகின்றன.

இந்த இரண்டாம் கட்டத்தில்தான் நான் ஒருமுறை தடுக்கி விழுந்தேன். வலையமைப்பில் பெயரைக் கொடுத்தால் முகவரி கிடைக்க வேண்டும். முகவரியைக் கொடுத்தால் அதே பெயர் கிடைக்க வேண்டும். நான் முதலாவதை மட்டும் பதிந்திருந்தேன். நிறுவல் பாதியில் நின்றது. காரணம் தெரியாமல் மஃரிப் வரை தேடினேன். விடுபட்ட ஒரு வரியைப் பதிந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். சமைத்த சஹன் வந்தாலும் அதை வைக்க விரிப்பு நம்மிடம் இருக்க வேண்டும் அல்லவா?

இங்கே ஒரு கேள்வி எழலாம். தான் மேற்பார்வை செய்யும் கட்டடத்திலேயே குடியிருக்கும் இந்த முகாமையாளர் நோயுற்றால் என்னாகும்? மற்றப் பொறிகள் தொடர்ந்து இயங்கும். ஆனால் அவற்றை ஒரே இடத்திலிருந்து பார்க்கும் கண் இல்லாமற் போகும். ஆகவே அதன் பிரதியை வேறோர் இடத்தில் ஒழுங்காகச் சேமிக்க வேண்டும். அதே வன்தட்டில் வைத்த பிரதி, தட்டு பழுதானால் அதோடு போய்விடும். பிறருடைய தரவு நம் கையிலுள்ள அமானிதம்.

தங்கைகளே, இதைக் கற்கப் பெரிய சேவையகம் தேவையில்லை. 8 ஜிகாபைட் நினைவகமுள்ள வீட்டுக் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் வேர்ச்சுவல்பொக்ஸை நிறுவி, அதனுள் ஒரு லினக்ஸை ஓடவிடுங்கள். பழுதாக்குங்கள்; அழித்துவிட்டு மறுபடி அமையுங்கள். வெளியே உள்ள கணினிக்கு ஒன்றும் ஆகாது. பெற்றோரே, மகள் கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தால், என்ன செய்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். என் உம்மா கேட்டதைப் போல.