உருளவள்ளியும் வரலாற்றாசிரியரும்

வரலாற்று நூலைக் கற்போருட் பலர் ஆசிரியர் கூற்றைக் கேட்டமைவரேயன்றி அவரை எதிர்வினவுவதில்லை. “யாரைக் கேட்டு இதனை எழுதினீர்?” என வினவின், கல்வி உரையாடலாகும். சப்பிரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களின் வரலாற்றைக் கற்பார்க்கு இவ்வினா மிகவும் வேண்டற்பாலது.

கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்தின் பொருட்டு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. லயங்களை விட்டு நீங்குமாறு பணிக்கப்பட்ட தொழிலாளர் மறுத்தனர். 1946 இல் வேலைநிறுத்தம் மூண்டது. குற்றமுறு அத்துமீறல் எனத் தண்டிக்கப்பட்டோருள் செல்வநாயகம் என்பாரின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. தன் மனையிலே தங்கியிருக்க எண்ணுதல் பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கமாகாது எனக் கொண்டு, 1950 இல் அக்கழகம் தண்டனையை நீக்கியது.

சட்ட அறிக்கையிலே இத்தோட்டம் நேவ்ஸ்மயர். தொழிலாளர் வழக்கிலோ உருளவள்ளி. ஒரு பெயரை மட்டும் அறிந்து ஏடுகளைத் தேடும் ஆய்வாளர் பாதி வரலாற்றையே காண்பார்!

மூவாண்டின் பின், அதே மாவட்டத்து உருவன்வெல்லைத் தொகுதியிலே வாக்காளராகப் பதிவுகோரிய கோடகன் பிள்ளையின் வழக்கு அதே கழகத்தின் முன் வந்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டு வாக்குரிமைத் திருத்தமும் செல்லுபடியாகும் என 1953 இல் தீர்ப்பாயிற்று. இந்தியத் தமிழர் வந்து போகும் இயல்பினர் என்பதும் அங்குக் கருத்திற் கொள்ளப்பட்டது. 1950 இல் மனையுடையாராகக் கருதப்பட்டவர் 1953 இல் வழிப்போக்கராயினர்.

இவற்றுள் எது உண்மை? பற்றிக் பீபிள்சு என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர், 2001 இல் வெளிவந்த தம் நூலிலே, தோட்டங்களில் நிலையாக வாழ்ந்த தமிழ்க் குடிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தனர் எனக் காட்டுகின்றார். நீதிமன்றம் கொண்ட கருத்துக்கு இது நேரிய மறுப்பென்பதே எம் துணிபு. ஆயினும், அவரிடமும் “யாரைக் கேட்டீர்?” என வினவுதல் முறையே. துரைமார் அறிக்கைகளும் குடிக்கணக்கும் லயத்தின் வாய்மொழியாகா.

1946 இல் பத்து வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூறை அண்மியவர். அவர்களிடம் கேட்கவேண்டியவை எளியனவே: பாட்டன் எந்தக் கங்காணியின் கீழ் வந்தார்? அந்த லயக்காம்பிராவிலே எத்தனை பிள்ளைகள் பிறந்தனர்? பிறப்புப் பத்திரமும் செக்குரோற் பெயரும் ஒத்திருந்தனவா? வேலைநிறுத்த நாளிலே உலை வைக்க அரிசி தந்தவர் யார்? அயற் சிங்களக் கிராமத்தவர் வந்தனரா?