பிரேக் பிடிச்சா வண்டி ஏன் ஒரு பக்கமா ஓடுது?

வீட்டு ஷெட்டில் வருஷக்கணக்காக நிற்கும் தாத்தா காலத்து அம்பாசிடரை ரோட்டுக்கு எடுக்கிறீர்கள். நாற்பதில் போகும்போது நாய் ஒன்று குறுக்கே வருகிறது. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்பதற்குப் பதில் இடது பக்கம் இழுக்கிறது! எதிரே லாரி வந்து, வலது பக்கம் இழுத்திருந்தால்?

உடனே எல்லாரும் இடது சக்கரத்தைத்தான் கழற்றுவோம். நாங்களும் அப்படித்தான் செய்தோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு. வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்து பிரேக் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் பிடிக்கிறது. எதிர்ப் பக்கம்தான் சோம்பேறி.

முதலில் முன் டயர் இரண்டிலும் காற்று சமமா பாருங்க. பிரேக் பிடிக்காமலே வண்டி ஒரு பக்கம் போனால் பிரச்சினை அலைன்மென்ட்டில் இருக்கலாம், பிரேக்கைத் திட்ட வேண்டாம்.

பழைய வண்டியில் இது அதிகம் தெரிய ஒரு காரணம் டிரம் பிரேக். சக்கரம் சுற்றும் திசையே முன்னணி ஷூவை டிரம்முக்குள் இன்னும் இழுத்து அழுத்தும். அதனால் பிரேக் விசை, உராய்வுக் கெழு மியூவுக்கு நேர்விகிதத்தில் இருக்காது. ஒரு எளிய டிரம்மில் அது 2 × மியூ ÷ (1 − மியூ) என்று வைத்துக்கொள்வோம். மியூ 0.4 என்றால் விடை 1.33. லைனிங்கில் கொஞ்சம் பிரேக் ஆயில் பட்டு மியூ 0.3 ஆனால் விடை 0.86. மியூ குறைந்தது 25 சதவீதம், பிரேக் குறைந்தது 36 சதவீதம்! டிஸ்க்கில் இரண்டும் 25-தான். மெஷின் டிசைன் பேப்பரில் வரும் அதே கணக்குதான், அப்போ யாரு கவனிச்சா?

இனி ஜாக்கி. கீழே ஸ்டாண்டு வைக்காமல் கை வைக்காதீங்க. நண்பனை பெடலை மெதுவாக மிதித்து விடச் சொல்லி, ஒவ்வொரு முன் சக்கரத்தையும் கையால் சுற்றுங்கள். ஒன்று தாமதமாகப் பிடித்து, விட்ட பிறகும் சுற்ற மறுத்தால் ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும். மிதிக்கிற அழுத்தத்துக்கு ஆயில் மெதுவாகப் போகும், திரும்பி வர வலு இருக்காது. எங்கள் வண்டி மிதிக்கும்போது இடது பக்கமும், விட்டதும் லேசாக வலது பக்கமும் இழுத்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

உறுதி செய்ய, சக்கரம் பிடித்திருக்கும்போதே ஹோஸுக்கு முன்னால் உள்ள இரும்புக் குழாய் இணைப்பைத் தளர்த்துங்கள். சக்கரம் விடவில்லை, ஆனால் பிளீடர் நிப்பிளைத் திறந்ததும் விடுகிறது என்றால் ஹோஸ்தான். நிப்பிள் திறந்தும் விடவில்லையா? வீல் சிலிண்டர் பிஸ்டன் துருவில் சிக்கியிருக்கலாம், ஷூ அட்ஜஸ்ட்மென்ட் அதிக இறுக்கமாகவும் இருக்கலாம்.

டிரம்மைக் கழற்றினால் தூசியை ஏர் அடித்து ஊதாதீங்க. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடையுங்கள். ஆயில் ஊறிய ஷூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயனில்லை. கசியும் சிலிண்டரைச் சரிசெய்து, ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றணும்.

எங்களுக்கு ஆனது வலது ஹோஸ் ஒன்றுதான். இடது ஹோஸுக்கும் அதே வயசு என்பதால் அதையும் மாற்றி, காற்று எடுத்து, காலி மைதானத்தில் இருபதில் ஓட்டி, ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி மிதித்தோம். நேரா நின்னுச்சு.