ஆபரேஷனுக்கும் ஸ்டடி ஹாலிடேஸ் உண்டு!

வீட்டுல ஒருத்தருக்குப் பெரிய ஆபரேஷன்னு தேதி குறிச்சதும் நாம என்ன சொல்வோம்? "ஒரு வேலையும் செய்யாதீங்க, பேசாம படுங்க." பாசத்துல சொல்றதுதான். ஆனா பல நேரம் அது உதவியை விட கெடுதலையே செய்கிறது.

பெரிய அறுவை சிகிச்சை உடம்புக்கு ஒரு கனமான லோடு. அதைத் தாங்க இதயமும் நுரையீரலும் வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனைக் கொண்டு சேர்க்க வேண்டும். கூடவே, காயம் ஆறத் தேவையான புரதத்துக்காக உடம்பு தன் தசையையே கரைக்கும். டிசைன்ல நாம ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி வைப்போமே, அதுமாதிரி உடம்பிலும் கையிருப்பு வேணும். பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குறவருக்கு அது குறைவு. படுத்தே கிடந்தால் இருப்பதும் கரையும்.

அதனால், காத்திருக்கும் வாரங்களையே பயிற்சிக் காலமாக்குகிறார்கள். இதன் பெயர் ப்ரீஹேபிலிடேஷன், சுருக்கமா ப்ரீஹேப். இதில் மூன்று பகுதிகள்:

உடல்: தினமும் நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், மூச்சுப் பயிற்சி. சிகரெட் பிடிப்பவர் உடனே நிறுத்த வேண்டும்.

உணவு: தசை வளரப் புரதம். முட்டை, பருப்பு, பால், மீன் என்று அவரவருக்கு ஒத்துக்கொள்வது.

மனம்: கண் விழிக்கும்போது உடம்பில் என்னென்ன டியூப் இருக்கும், எப்போது எழுந்து நடக்க வைப்பார்கள் என்று முன்பே தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மனதைத் தளர்த்தும் பயிற்சிகளும் உண்டு.

இதுக்கெல்லாம் பலன் இருக்கா? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு, பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குக் காத்திருந்த 77 பேரிடம் நடத்திய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் இந்தப் பயிற்சியை ஆபரேஷனுக்குச் சுமார் மூன்றரை வாரம் முன்பே தொடங்கினார்கள். மற்றவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு. 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். ஆபரேஷன் முடிந்து 8 வாரத்தில், முன்பே தொடங்கியவர்களில் 84% பேர் தங்கள் பழைய தூரத்தையோ அதற்கு மேலோ எட்டியிருந்தார்கள். மற்ற பிரிவில் 62%.

அவசர ஆபரேஷனுக்கு இந்த அவகாசம் கிடைக்காது. இதய நோய் உள்ளவர்களுக்கு எவ்வளவு பயிற்சி என்பதையும் டாக்டர்தான் முடிவு செய்யணும்.

ஆகவே, அடுத்த முறை வீட்டில் ஆபரேஷன் தேதி குறிச்சா, "இந்த மூணு வாரத்துல என்ன செய்யலாம்?"னு டாக்டர்கிட்ட கேளுங்க. அவர் சரின்னா, சாயங்காலம் போனை வீட்டுல வச்சிட்டு தாத்தாவோட ஒரு ரவுண்டு நடந்துட்டு வாங்க. எக்ஸாம் அவருக்குத்தான், கூட இருந்து தயார் பண்றது நம்ம வேலை.