சிறுபோக நீர்க் கணக்கு
இரணைமடுக் குளத்து நீரைப் பங்கிடும் முறை

சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது நிலமன்று. குளத்தில் நிற்கும் நீரேயாகும். இதனைக் கமக்காரர் யாவரும் அறிவர். ஆயினும் ஆண்டுதோறும் நீரின் அளவுக்கு மேல் விதைப்பதும், கதிர் பறியும் வேளையிற் கடைக்கோடி வயல்கள் வெடிப்பதும், அதனால் அயலவருட் பகை மூள்வதும் பல குளங்களின் கீழ் நடைபெற்று வருகின்றன. நீரை முன்கூட்டியே அளந்து கணக்கிட்டு, அக்கணக்கின்படி விதைத்தால் இத்துன்பத்தின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அக்கணக்கைக் கமக்காரர் தாமே செய்யும் முறையினை இரணைமடுக் குளத்தை உதாரணமாகக் கொண்டு இங்கு விளக்குவாம்.

குளமும் அதன் வயல்களும்

கனகராயன் ஆறு வவுனியாப் பகுதியில் ஊற்றெடுத்து, வடக்கு நோக்கி ஓடி, சுண்டிக்குளக் கடனீரேரியை அடைகின்றது. அவ்வாற்றை மறித்து இரணைமடுக் குளம் இருபதாம் நூற்றாண்டின் முதல் இரு தசாப்தங்களிற் கட்டப்பட்டது. பின்னர் 1950களிலும் 1970களிலும் அதன் கொள்ளளவு பெருக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் முடிவுற்ற புனரமைப்பில் முழு நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டது. இன்று குளம் நிரம்பினால் ஏறத்தாழ 120,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும். இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களின் கீழ் 21,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் உண்டு.

காலபோகத்தில் வடகீழ்ப் பருவமழை கைகொடுப்பதால் இந்நிலம் முழுவதும் விதைக்கப்படுகின்றது. சிறுபோகத்திலோ மழை சிறிது; குளத்து நீரே கதி. மாரி பொய்த்த ஆண்டுகளில் நிலத்தின் ஒரு பங்குக்கே நீர் போதும். ஆகவே சிறுபோகம் என்பது பங்கீட்டுப் போகம் எனக் கொள்ளுதல் தகும்.

நீரை அளக்கும் அளவைகள்

ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி எனப்படும். வாய்க்காலிற் செக்கனுக்கு ஒரு கன அடி வீதம் ஓடும் நீரை ஒரு கியூசெக் என்பர். பின்வரும் இரண்டினையும் நினைவில் வைத்துக்கொண்டாற் போதுமானது.

ஒரு கியூசெக் நீர் ஒரு மணி நேரம் ஓடினால், ஒரு ஏக்கரில் ஏறத்தாழ ஓர் அங்குலம் நீர் நிற்கும்.

ஒரு கியூசெக் நீர் ஒரு நாள் முழுவதும் ஓடினால், ஏறத்தாழ 2 ஏக்கர் அடி நீராகும்.

சோளகக் காற்று வீசும் மாதங்களிற் குளத்தின் மேற்பரப்பிலிருந்து நாளொன்றுக்குக் கால் அங்குலமளவில் நீர் ஆவியாகின்றது. நான்கு மாதங்களுக்கு இது இரண்டரை அடியாகும். இரணைமடுவைப் போன்று பரந்து கிடக்கும் குளத்தில் இந்த இழப்புப் பெரியது. நீரைத் திறக்காது வைத்திருப்பினும் அது குறைந்துகொண்டே போகும். எனவே விதைப்பு நாளைப் பிந்தப் போடுதலும் ஒருவகை நீர்ச்செலவே.

கூட்டத்திற் செய்யவேண்டிய கணக்கு

போகத்துக்கு முன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் குளத்து நீரின் அளவை நீர்ப்பாசனப் பொறியியலாளர் அறிவிப்பார். அவ்வளவிலிருந்து கழிக்கவேண்டியவற்றை முதலிற் கழித்தல் வேண்டும். கணக்கு விளங்குவதற்காக மட்டும் ஓர் உதாரணம் காட்டுவாம்.

குளத்தில் 70,000 ஏக்கர் அடி நீர் நிற்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆவியாதலுக்கும் கசிவுக்கும் 15,000 கழிக்க. ஆடுமாடு, மீன், குடிநீர் ஆகியவற்றுக்கும் துருசுக்குக் கீழே தங்கும் நீருக்கும் 10,000 கழிக்க. மிஞ்சுவது 45,000 ஏக்கர் அடி. வாய்க்காலிற் போகும் சேதத்தையும் சேர்த்து நெல் ஏக்கருக்குத் துருசில் நாலரை ஏக்கர் அடி விடவேண்டியிருப்பின், 10,000 ஏக்கருக்கு நீர் போதும்.

இனி, தீர்மானித்த 10,000 ஏக்கருக்கு மேல் 3,000 ஏக்கர் அனுமதியின்றி விதைக்கப்பட்டது என்க. 13,000 ஏக்கருக்கும் போகம் முடியும்வரை 58,500 ஏக்கர் அடி நீர் வேண்டும், இருப்பதோ 45,000. போகத்தின் முக்காற் பங்கு கழிந்த சில நாட்களிற் குளம் வற்றிவிடும். அப்போது நெல் பூத்துப் பால்பிடிக்கும் பருவத்தில் நிற்கும். உழவுக் கூலி, விதை, பசளை யாவும் செலவாகி முடிந்த பின்னரே நீர் நின்றுபோகின்றது. இழப்பவர் கூடுதலாக விதைத்தவர் மட்டுமல்லர். அனுமதியோடு விதைத்த கடைக்கோடிக் கமக்காரரே முதலில் இழக்கின்றார்.

அதே நீரை வேறு வழியாகவும் பகிரலாம். 8,000 ஏக்கரில் நெல் விதைத்தால் 36,000 ஏக்கர் அடி செலவாகும், 9,000 மிஞ்சும். பயறு, உழுந்து, கௌபி, கச்சான், கத்தரி, வெண்டி முதலியன நெல்லுக்கு வேண்டிய நீரிற் பாதியளவிலேயே விளையக்கூடியன. ஆகவே மிஞ்சிய நீரில் 4,000 ஏக்கரில் இவற்றைச் செய்யலாம். மொத்தம் 12,000 ஏக்கராகின்றது. நீர் தங்காத மேட்டு வயல்களே இவற்றுக்கு ஏற்றன. தாழ்ந்த களிநிலத்திற் செய்வதாயின் மேட்டுப்பாத்தி அமைத்துக் கழிவு வாய்க்கால் வெட்டுதல் அவசியம்.

விதைப்பு நிலத்தைத் தெரிதல்

குறைந்த நிலத்தையே விதைக்க முடியுமாயின், அதனைக் குளத்தின் கீழ் அங்குமிங்குமாகச் சிதறவிடுதல் ஆகாது. நீண்ட வாய்க்கால்கள் யாவற்றையும் நனைப்பதிலேயே பெருமளவு நீர் வீணாகிவிடும். துருசுக்கு அண்மையிலுள்ள ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்து, அதனை எல்லாப் பங்காளருக்கும் அந்தப் போகத்துக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பது பழைய வழக்கம். சிங்களக் கமக்காரர் இதனைப் பெத்ம என்பர். தலைப்பில் நிலமுள்ளவர் தம் நிலத்தில் ஒரு பகுதியை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருப்பதால் இது எளிதன்று. விட்டுக்கொடுத்தவரின் பெயரையும் நிலத்தின் அளவையும் எழுதிவைத்து, வயலை உழுது வரம்பு திருத்திய நிலையில் திருப்பி ஒப்படைப்பதாகக் கூட்டத்திலேயே உடன்படுதல் நன்று.

சட்டம் கூறுவது

1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூட்டப்படுகின்றது. விதைக்கும் நிலத்தின் அளவு, நெல்லின் வயது, முதல் நீர் திறக்கும் நாள், இறுதி நீர் நிறுத்தும் நாள், வாய்க்கால் துப்புரவு, கால்நடை கட்டுதல் ஆகியன அங்கே தீர்மானிக்கப்படும். அத்தீர்மானங்களை மீறுவோர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படலாம். வயல் வாய்க்கால்களைப் பேணுவதிலும் நீரைப் பங்கிடுவதிலும் கமக்காரர் அமைப்புகளுக்குரிய இடத்தை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வகுத்துள்ளது.

எனினும் ஒவ்வொரு மடையிலும் காவல் நிற்க எந்த உத்தியோகத்தராலும் இயலாது. சட்டம் கடைசி ஆயுதமே. முதற்காவல் கமக்காரர் அமைப்பாகும். கூட்டத்துக்கு வராமல் இருந்துவிட்டுப் பின்னர் அதன் தீர்மானத்தைக் குறைகூறுதல் பொருந்தாது.

கமக்காரர் ஒன்றுசேர்ந்தாற் குறைந்த நீரிலும் போகத்தைக் காக்கலாம் என்பதற்குக் கிழக்கிலுள்ள கல்லோயாத் திட்டம் சான்றாகும். அங்கு 1981ஆம் ஆண்டுச் சிறுபோகத்திற் சேனாநாயக்க சமுத்திரம் கால் பங்களவே நிரம்பியிருந்தது. இடதுகரைக் கமக்காரர் சிறு குழுக்களாகக் கூடி, பல ஆண்டுகளாகத் துப்புரவாக்கப்படாத வாய்க்கால்களைத் தாமே வெட்டித் திருத்தி, முறைவைத்து நீர் பாய்ச்சினர். தலைப்பிற் பெரும்பாலும் சிங்களவரும் கடைப்பகுதியிற் பெரும்பாலும் தமிழரும் இருந்தனர். அவ்வாறிருந்தும் தலைப்பிலுள்ளோர் கடைப்பகுதிக்கு நீர் போகவிட்டனர். இனம் வேறானவரிடையே இயன்ற இது, ஓர் ஊரவரிடையே இயலாதென்று கூறமுடியாது.

வாய்க்காலில் முறைவைத்தல்

ஒரு வயல் வாய்க்காலின் கீழ் 40 ஏக்கர் இருப்பதாகவும், அதில் ஒரு கியூசெக் நீர் ஓடுவதாகவும் கொள்க. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஆகவே ஏக்கருக்கு 4 மணி 12 நிமிடம் கிடைக்கும். அதில் வயலிற் பாயும் நீர் நாலங்குலத்துக்குச் சற்று மேலாகும். மூன்று ஏக்கர் உடையவருக்கு 12 மணி 36 நிமிடம் உரியது. இதனை ஓர் அட்டையில் எழுதி மடையண்டை தொங்கவிடுக. கடைக்கோடி வயலிலிருந்து முறையைத் தொடங்குக. இரவு முறை எப்போதும் ஒருவருக்கே வராமல் வாரந்தோறும் மாற்றுக. நீர் வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் குறித்து வைத்தால் வழக்குக்கு இடமிராது.

வயலிற் சிக்கனம்

நிலம் பண்படுத்தும் வேலையை நீர் திறந்த இரு வாரங்களுக்குள் முடித்தல் வேண்டும். ஒருவர் உழுது முடிக்க, மற்றவர் உழவு இயந்திரத்துக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வாய்க்கால் முழுவதும் நீர் ஓடவேண்டியிருக்கின்றது. வரம்புகளை நண்டுவளை, எலிவளை இல்லாதவாறு சேறிட்டு அணைக்கவும். வயலை நன்றாக மட்டப்படுத்தவும். மேடுபள்ளமான வயலில் மேட்டை நனைப்பதற்காகப் பள்ளத்தில் அரையடி நீர் கட்டவேண்டி வரும்.

நீர் குறைந்த ஆண்டில் மூன்று மாத நெல்லான பிஜி 300 போன்ற இனங்களை விதைப்பது தகும். எல்லோரும் ஒரே வயதுடைய இனத்தை ஒரே வாரத்தில் விதைத்தாலன்றிக் குறித்த நாளில் நீரை நிறுத்த முடியாது.

நெல்வயலில் எந்நேரமும் நீர் கட்டி நிற்க வேண்டும் என்பது தவறான எண்ணம். ஓர் அடி நீளமான குழாயொன்றிற் சுற்றிலும் துளையிட்டு, எட்டு அங்குலம் மண்ணுள் இறங்குமாறு நட்டு, உள்ளே இருக்கும் மண்ணை அகற்றிவிடுக. வயல் நீர் வற்றியபின் குழாயினுள் நீர்மட்டம் தெரியும். அது மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஆறு அங்குலம் கீழிறங்கிய பின்னரே மீண்டும் பாய்ச்சினாற் போதும். இம்முறையை விதைத்து மூன்று வாரங்களின் பின், களை அடங்கியதும் தொடங்குக. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் செல்லும்வரை மட்டும் வயலில் இரண்டங்குல நீர் இருத்தல் வேண்டும். அறுவடைக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன் நீரை வடித்துவிடுக.

குளத்துக்கு மேலேயும் கீழேயும்

குளத்தைக் காப்பது கட்டைக் காப்பதோடு முடிவதன்று. கனகராயன் ஆற்றின் இருமருங்கிலும் காடு அழிந்தால் மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு வரும். அம்மண் குளத்திற் படிந்து, நீர் நிற்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அலைகரையில் விதைப்பதும், ஆற்றில் உத்தரவின்றி மணல் அகழ்வதும் நமது சேமிப்பையே குறைக்கும் செயல்கள். கீழேயுள்ள கழிவு வாய்க்கால்களையும் ஆற்றோரத்தையும் அடைத்து நிலம் பிடிப்போர், வெள்ளம் வடியும் வழியை மூடுகின்றனர். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் வான் கதவுகள் திறக்கப்பட்டபோது தாழ்நிலக் கிராமங்களும் வயல்களும் நீரில் மூழ்கியதை மறத்தலாகாது. மாரியில் வான் பாயும் நீர் வீணானதுமன்று. அது சேரும் சுண்டிக்குளம் 2015ஆம் ஆண்டிலிருந்து தேசிய பூங்காவாகும். மீனும் இறாலும் பறவைகளும் அந்நன்னீரை நம்பியுள்ளன. ஆனாற் சிறுபோகத்தில் வயலிலிருந்து கழிவு வாய்க்காலில் ஓடும் நீர் நமது கவனக்குறைவே.

குடிநீர் வழக்குக் காட்டும் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை; மக்கள் சுண்ணாம்புக்கல்லிற் சேர்ந்த கிணற்று நீரையே நம்பி வாழ்கின்றனர். இரணைமடுவிலிருந்து அங்கு குடிநீர் கொண்டுசெல்லும் திட்டம் 2010ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்டது. வரட்சியான ஆண்டுகளிற் சிறுபோகத்துக்கே நீர் போதாதென்று கிளிநொச்சிக் கமக்காரர் அதனை எதிர்த்தனர். பின்னர் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு, 2024 ஓகஸ்ட் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரைத் தரக்கூடியதாக அது அமைக்கப்பட்டுள்ளது.

கமக்காரரின் அச்சம் நியாயமானதே. குடிநீர் வேண்டி நின்றவரின் தேவையும் நியாயமானதே. ஆனால் அந்த 24,000 கன மீற்றரை நமது அளவையில் மாற்றிப் பார்த்தல் வேண்டும். அது வாய்க்காலில் இடையறாது ஓடும் 10 கியூசெக் நீருக்குச் சற்றேறக்குறையச் சமம். உடைந்த மடைகள், இரவிற் காவலின்றிப் பாயவிட்ட வயல்கள், தூர்ந்த வாய்க்கால்கள் ஆகியவற்றால் இருகரையிலும் 10 கியூசெக் நீர் கழிவு வாய்க்காலை அடையுமாயின், பெருஞ்செலவிற் கடல்நீரை நன்னீராக்கும் ஒரு நிலையத்தின் நீரை நாம் நாள்தோறும் கொட்டிவிடுகின்றோம்.

கிளிநொச்சி நகரும் வளர்கின்றது. கைத்தொழிலும் வீட்டுக் குழாய்களும் பெருகும். நீர் கேட்போர் இனியும் வருவர். ஏக்கருக்கு எவ்வளவு நீர் செலவாயிற்று, எவ்வளவு நெல் விளைந்தது என்று போகந்தோறும் எழுதி வைத்திருக்கும் கமக்காரர் அமைப்பின் சொல் அன்று எடுபடும். கணக்கில்லாதவர் நீருக்கு, பிறர் போடும் கணக்கே கணக்காகிவிடும்.

சுருக்கமாகச் செய்யவேண்டியவை

1. பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குத் தவறாது செல்க. குளத்து நீரின் அளவைக் கேட்டு எழுதிக்கொள்க.

2. தீர்மானித்த ஏக்கருக்கு மேல் விதையாதீர். விதைப்போருக்கு அமைப்பின் மூலம் ஆரம்பத்திலேயே எடுத்துரைக்க.

3. நீர் திறக்குமுன் வாய்க்காலைத் துப்புரவாக்குக, கடைக்கோடியிலிருந்து முறைவைக்க.

4. மேட்டு வயல்களில் உபஉணவுப் பயிரும் மரக்கறியும் செய்க.

5. நீர்ப் புத்தகம் ஒன்றை ஒவ்வொரு வயல் வாய்க்காலுக்கும் வைத்திருக்க.

முறை அட்டை எழுதுவதிலும் நீர்மட்டக் குழாய் நடுவதிலும் உதவி வேண்டுவோர் தத்தம் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம்.