பொறியியலோடு மேலாண்மையும் படித்தால்...

பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நீங்கள் பொறியாளர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,600 பம்புகள் தயாராகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்ப்பிரும்பு உறை வேண்டும். பக்கத்து ஊர்ப் பவுண்டரியிலிருந்து அதை வாங்குகிறீர்கள். உறை எவ்வளவு அழுத்தம் தாங்கும், எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துபடி. ஆனால், ஒரு தடவைக்கு எத்தனை உறைகள் வாங்குவது?

ஒவ்வொரு தடவையும் லாரி வாடகை, ஏற்றுகூலி என்று 2,000 ரூபாய் ஆகிறது. அதற்காக மொத்தமாக வாங்கி அடுக்கினால், கிடங்கு வாடகையும் முடங்கிய பணத்துக்கு வட்டியுமாக ஓர் உறைக்கு ஆண்டுக்கு 40 ரூபாய் செலவு. உறைகள் சிறிது சிறிதாகத் தீர்ந்துவருவதால், வாங்கியதில் பாதிதான் சராசரியாகக் கிடங்கில் இருக்கும். மாதம் ஒருமுறை 300 வாங்கினால் ஆண்டுச் செலவு 30,000 ரூபாய். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கினாலோ 74,000 ரூபாய்!

அமெரிக்காவின் போர்டு ஹாரிஸ் என்ற பொறியாளர் 1913-இல் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். (கார் செய்த ஹென்றி போர்டு வேறு, இவர் வேறு.) ஆண்டுத் தேவையை ஒரு தடவைச் செலவால் பெருக்கி, இரட்டித்து, ஓர் உறையை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 600 வரும். அப்போது லாரிச் செலவு 12,000, கிடங்குச் செலவு 12,000, ஆக மொத்தம் 24,000 ரூபாய்தான். இரண்டு செலவும் சமமாகும் இடமே மிகக் குறைந்த செலவுள்ள இடம். பிளஸ் டூ வகுப்பில் வகைக்கெழுவைச் சுழியாக்கிச் சிறும மதிப்பு காண்கிறீர்களே, அதே கணக்குத்தான்! இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, இது வணிகக் கணக்கு என்று முதலில் நம்பவே முடியவில்லை.

பொறியியலும் மேலாண்மையும் கைகோக்கும் வேலைகள் இப்படிப்பட்டவை. உற்பத்தித் திட்டமிடலும் சரக்குப் போக்குவரத்தும் இதில் அடங்கும். கோடி ரூபாய் இயந்திரத்தை விற்கப் போகிறவர், வாங்குபவரின் பொறியாளர் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும், அவருடைய கணக்கு அதிகாரிக்கும் பதில் சொல்ல வேண்டும். மென்பொருள் நிறுவனங்களில் எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது என்று தீர்மானிக்கத் தனிப் பதவியே உண்டு. உலோகவியல் படித்த சுந்தர் பிச்சை, 2002-இல் எம்.பி.ஏ. பெற்று, 2004-இல் கூகுளில் சேர்ந்தது அத்தகைய பணியில்தான். மின்பொறியியல் படித்துவிட்டு அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பயின்ற ரகுராம் ராஜன், பின்னர் பொருளாதாரத்தில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்று, 2013-இல் ரிசர்வ் வங்கியின் ஆளுநரானார். இவர்களைப் போல் எல்லோரும் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

எங்கே படிக்கலாம்? கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961-இல் தொடங்கிய ஐ.ஐ.எம்.கள் மூத்தவை, திருச்சியில் 2011-இல் ஒன்று வந்தது. தொழிற்பொறியியலுக்கென மும்பையில் 1963-இல் ஏற்பட்ட நிறுவனம், 2023 முதல் ஐ.ஐ.எம். மும்பை. இவற்றில் சேர 'கேட்' தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு 'டான்செட்' உண்டு. குறைந்தபட்ச மதிப்பெண் பெற்ற எந்தத் துறைப் பட்டதாரியும் எழுதலாம். பொறியாளராக இருக்க வேண்டுமென்பதில்லை.

"பி.இ. முடித்தவுடனே சேர்ந்துவிடலாமா, சார்?" என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். முன்னணி ஐ.ஐ.எம்.கள் பலவற்றில் கட்டணம் 20 லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. கடன் வாங்கித்தான் பலர் படிக்கிறார்கள். ஆகவே, இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போவதே நல்லது என்பது என் கருத்து. எந்திரத்தின் அருகில் நின்றே அறியாதவருக்கு வகுப்பில் சொல்லப்படும் தொழிற்சாலை வெறும் கதையாகிவிடும். எப்படியும் எம்.பி.ஏ.தானே, பொறியியல் ஏதோ ஒரு படிக்கட்டு என்று நான்கு ஆண்டுகளை ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமே.

என்னிடம் பிளஸ் டூவுக்குப்பின் சந்தேகம் கேட்க வந்துகொண்டிருந்த ஒருவர், இயந்திரப் பொறியியல் முடித்து மூன்று ஆண்டு ஷிப்டு வேலை பார்த்தபின் மேலாண்மை படித்தார். இன்று வங்கியில் தொழிற்சாலைக் கடன் மனுக்களைப் பரிசீலிக்கிறார். போன இடத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறக்குமுன், கொல்லைப்புறம் போய்த் துருப்பிடித்துக் கிடக்கும் வார்ப்புகளை எண்ணிவிட்டுத்தான் வருவாராம்.