உயர்நிலைப் பள்ளி அடிபந்தாட்ட நடுவரின் முதல் ஆண்டு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உயர்நிலைப் பள்ளி அணிகளுக்கு இடையே நடக்கும் அடிபந்தாட்டப் (பேஸ்பால்) போட்டிகளில் தீர்ப்பு வழங்குபவர் உயர்நிலைப் பள்ளி அடிபந்தாட்ட நடுவர் எனப்படுகிறார். இவர்களில் பெரும்பாலோர் முழுநேர நடுவர்கள் அல்லர். பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், முன்னாள் ஆட்டக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் இளவேனில் காலத்து மாலைகளில் ஆட்டத்துக்கு ஒரு தொகை என்ற முறையில் ஊதியம் பெற்றுப் பணிபுரிகின்றனர். விதிகளைப் படித்துத் தேர்வில் வெல்வது இப்பணியின் எளிய பகுதி. எங்கே நிற்பது, எப்போது சொல்வது, யாருக்கு எவ்வளவு பதில் சொல்வது ஆகியவற்றைக் களத்தில் கற்பதே முதல் ஆண்டின் உண்மையான பாடமாகும்.

அமைப்பும் தகுதியும்

உயர்நிலைப் பள்ளி அடிபந்தாட்டத்துக்கான விதிநூலை இந்தியானா மாநிலத்தின் இண்டியானாபொலிசு நகரிலுள்ள மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு வெளியிடுகிறது. நடுவர்களைப் பதிவு செய்வது மாநிலச் சங்கங்களின் பொறுப்பு. பதிவுக் கட்டணம், விதித் தேர்வு, பயிற்சி வகுப்பு, பின்னணிச் சரிபார்ப்பு முதலிய நிபந்தனைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. உள்ளூர் நடுவர் சங்கம் அல்லது ஆட்ட ஒதுக்கீட்டாளர் ஒருவர், யார் எந்த ஆட்டத்துக்குச் செல்வது என முடிவு செய்கிறார்.

புதியவர்களுக்கு முதலில் பள்ளியின் முதன்மை அணி ஆடும் ஆட்டங்கள் கிடைப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பு அணிகளும் இளநிலை அணிகளும் ஆடும் ஆட்டங்களே தரப்படுகின்றன. இவை எளிதானவை எனத் தோன்றினாலும் அப்படி அல்ல. இளம் வீச்சாளர்களின் பந்துகள் இலக்கு தவறுகின்றன; எறிதல்கள் திசை மாறுகின்றன; விதிநூலில் அரிதாக வரும் நிகழ்வுகள் ஒரே மாலையில் இரண்டு மூன்று முறை நடந்துவிடுகின்றன.

விதிகளில் உள்ள வேறுபாடுகள்

தொலைக்காட்சியில் தொழில்முறை ஆட்டம் பார்த்து வளர்ந்தவர் பள்ளி விதிகளில் தடுமாறுவது வழக்கம். களத்தின் அளவுகள் இரண்டிலும் ஒன்றே: தளங்களுக்கு இடையே 90 அடி, வீச்சுத் தட்டிலிருந்து ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். ஆனால் பள்ளி ஆட்டம் 9 இன்னிங்ஸ் அல்ல, 7 இன்னிங்ஸ் கொண்டது. வீச்சாளர் முறைகேடாக அசைந்து, தளத்தில் நிற்கும் ஓட்டக்காரரை ஏமாற்றும் ‘பாக்’ குற்றம் நிகழ்ந்தால் பள்ளி விதிப்படி ஆட்டம் அக்கணமே நின்றுவிடும். தொழில்முறை விதியில் ஆட்டம் தொடர வாய்ப்புண்டு.

வேறு சில விதிகள் மாணவர்களின் உடல்நலத்தைக் கருதி அமைந்தவை. ஓட்டக்காரர் வேண்டுமென்றே களத்தடுப்பாளர் மீது முரட்டுத்தனமாக மோதினால் வெளியேற்றப்படுவார். தலையில் அடிபட்ட அறிகுறி தெரியும் மாணவரை உடனே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். 2017 முதல், ஒரு வீச்சாளர் வீசும் பந்துகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு மாநிலமும் வரம்பு வைத்திருக்க வேண்டும் என்பதும் விதியாயிற்று.

பார்வையாளர்கள் உரக்கச் சொல்லும் ‘விதிகள்’ சில விதிநூலில் இல்லாதவை. “கையும் மட்டையின் பகுதிதான்” என்பது அவற்றுள் ஒன்று. உண்மையில் கையில் படும் பந்து உடலில் பட்டதாகவே கொள்ளப்படும். ‘இன்ஃபீல்ட் ஃப்ளை’ விதியும் குழப்பம் தருவது. இரண்டுக்கும் குறைவான அவுட்கள் உள்ளபோது, முதல், இரண்டாம் தளங்களிலோ மூன்று தளங்களிலுமோ ஓட்டக்காரர்கள் நின்றால், உட்களத்தார் எளிதாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்துக்கு மட்டையாளர் உடனே அவுட் ஆகிறார். பந்தை வேண்டுமென்றே தவறவிட்டு இருவரை அவுட் ஆக்கும் தந்திரத்தைத் தடுப்பதே இதன் நோக்கம். அதன் பிறகும் ஆட்டம் நிற்பதில்லை. ஓட்டக்காரர்கள் துணிந்து ஓடலாம்.

பிளேட் நடுவர்

கிரிக்கெட்டில் களத்தடுப்பு அணி முறையிட்டால்தான் நடுவர் அவுட் கொடுக்க முடியும். அடிபந்தாட்டத்தில் மட்டையாளர் அடிக்காமல் விடும் ஒவ்வொரு பந்துக்கும், யாரும் கேட்காமலேயே, ‘ஸ்ட்ரைக்’ அல்லது ‘பால்’ என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் மட்டையாளர் அவுட். நான்கு பால் ஆனால் முதல் தளம் அவருக்கு இலவசம்.

ஸ்ட்ரைக் பரப்பின் அகலம் 17 அங்குலம் உள்ள ஹோம் பிளேட்டின் அகலமே. அதன் மேல் எல்லை மட்டையாளரின் தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ளது. கீழ் எல்லை முழங்கால். ஆகவே உயரமான மாணவருக்கும் குள்ளமான மாணவருக்கும் பரப்பு வேறுபடும். இதைக் காண நடுவர், மட்டையாளருக்கும் பிடிப்பாளருக்கும் இடையிலுள்ள இடைவெளியின் பின்னால் கால்களை அகற்றி, தலையை அசைக்காமல் நிற்கிறார். முகக்கவசம், மார்புக்கவசம், கணைக்கால் காப்பு, விரல்களைக் காக்கும் கனமான காலணி ஆகியவை அவரது பாதுகாப்பு. இடது கையில் பால், ஸ்ட்ரைக், அவுட் எண்ணிக்கையைக் காட்டும் சிறு எண்ணி இருக்கும்; இடுப்பில் பந்துப் பையும் தூரிகையும் இருக்கும். முகக்கவசத்தை இடது கையால் கழற்றவே பழக்குகிறார்கள். சைகை காட்டும் வலது கை எப்போதும் விடுபட்டிருக்க வேண்டும் என்பதே காரணம்.

புதியவரிடம் காணப்படும் முதல் குறை அவசரம். பந்து பிளேட்டைக் கடக்கும் முன்பே வாய் திறந்துவிடும். பந்து கடைசி நேரத்தில் வளைந்தால் தீர்ப்பு தவறிவிடும். பந்தைக் கண்களால் கையுறை வரை தொடர்ந்து, ஒரு கணம் நிறுத்தி, பிறகு சொல்வதே பயிற்சி. இரண்டாவது குறை கண் சிமிட்டுவதும் பின்வாங்குவதும். பிடிப்பாளரும் கவசமும் காப்பார்கள் என்ற நம்பிக்கை உடலில் ஊறச் சில வாரங்கள் ஆகும். மூன்றாவது குறை மாறும் அளவுகோல். முதல் இன்னிங்ஸில் ஸ்ட்ரைக் என்றது ஆறாம் இன்னிங்ஸிலும் ஸ்ட்ரைக்காக இருந்தால் சற்றே அகலமான பரப்பையும் அணிகள் ஏற்றுக்கொள்கின்றன; நடுவில் மாறினால் இரு அணிகளும் நம்பிக்கை இழக்கின்றன.

தள நடுவரும் இருவர் முறையும்

பெரும்பாலான பள்ளி ஆட்டங்களை இரண்டு நடுவர்களே நடத்துகின்றனர். நான்கு தளங்களை இரண்டு பேர் கவனிப்பதால் நிற்கும் இடம் முக்கியமாகிறது. தளங்களில் யாரும் இல்லாதபோது தள நடுவர் முதல் தளக்காரருக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே நிற்கிறார். முதல் தளத்தில் மட்டும் ஓட்டக்காரர் இருந்தால் உட்களத்துக்குள், வீச்சுமேட்டுக்குப் பின்னால் முதல் தளப் பக்கமாக வருகிறார். இரண்டாம் தளத்திலோ மூன்றாம் தளத்திலோ மட்டும் ஒருவர் இருந்தால் மூன்றாம் தளப் பக்கமாக நகர்கிறார்.

முதல் தள ஓட்டக்காரர் மூன்றாம் தளம் நோக்கி ஓடும்போது அங்கே தீர்ப்புச் சொல்ல பிளேட் நடுவர் ஓடிவர வேண்டும். அவர் வருவதை உரக்கச் சொல்லாவிட்டால் இருவரும் ஒரே தளத்தில் நிற்பார்கள். அல்லது எவருமே நிற்கமாட்டார்கள். ஆட்டத்துக்கு முன் இரு நடுவர்களும் பேசிக்கொள்ளும் பத்து நிமிடங்கள் இதற்காகவே.

தூரத்தைவிடக் கோணம் முக்கியம் என்பது தள நடுவருக்கான அடிப்படைப் பாடம். அருகில் நின்று களத்தடுப்பாளரின் முதுகைப் பார்ப்பதைவிடச் சற்றுத் தள்ளி நின்று பந்துக்கும் ஓட்டக்காரருக்கும் இடையிலுள்ள வெளியைப் பார்ப்பது நல்லது. முதல் தளத்தில் கண் தளத்தின் மீதும் ஓட்டக்காரரின் பாதத்தின் மீதும் இருக்கும்; பந்து கையுறையில் விழும் ஒலியைக் காது கேட்கும். எது முந்தியது என்பதே தீர்ப்பு.

குரலும் சைகையும்

தெளிவான அவுட்டுக்கு அமைதியான சைகை போதும். நெருக்கமான தீர்ப்புக்கு உறுதியான குரல் வேண்டும். கோட்டுக்கு வெளியே விழும் பந்துக்கு ‘ஃபவுல்’ என்று உரக்கக் கத்தி இரு கைகளையும் உயர்த்த வேண்டும். உள்ளே விழும் பந்துக்குக் குரலே கூடாது. களத்தை நோக்கிக் கை காட்டினால் போதும். குரல் கேட்டால் ஆட்டம் நின்றதாக ஆட்டக்காரர்கள் எண்ணிவிடுவார்கள். ‘ஃபவுல்’ என்ற சொல் வாயிலிருந்து வந்த பின் ஓடிய ஓட்டங்களைத் திரும்பப் பெற இயலாது என்பதால் புதியவர்கள் அதைச் சொல்லும் முன் பொறுத்திருக்கப் பழகுகிறார்கள்.

பயிற்றுநர்களை எதிர்கொள்ளல்

விதியைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கருதினால் பயிற்றுநர் ஆட்டத்தை நிறுத்தக் கோரி விளக்கம் கேட்கலாம். பந்து ஸ்ட்ரைக்கா, ஓட்டக்காரர் அவுட்டா என்பவை நடுவரின் கணிப்பு. அவற்றை எதிர்த்து வாதாட இடமில்லை. இந்த வேறுபாட்டை அறிந்த நடுவர் கேள்விக்குப் பதில் சொல்கிறார். வெறும் கூச்சலுக்குப் பதில் சொல்வதில்லை. “நீங்கள் என்ன பார்த்தீர்கள்?” என்று அமைதியாகக் கேட்பது பல வாக்குவாதங்களைத் தணிக்கிறது. எல்லை மீறினால் எச்சரிக்கை, இருக்கையை விட்டு வெளிவரத் தடை, வெளியேற்றம் ஆகிய வழிகள் உள்ளன. முதல் ஆண்டில் சிலர் அஞ்சி எதையும் பயன்படுத்துவதில்லை; சிலர் முதல் சொல்லுக்கே வெளியேற்றிவிடுகின்றனர். இரண்டும் அனுபவக் குறைவின் அடையாளங்களே.

தவறும் அதை ஏற்றலும்

வழக்கமான பள்ளி ஆட்டங்களில் காணொளி மறுபார்வை இல்லை. பார்வை மறைந்திருந்தால் நடுவர் தம் துணை நடுவரிடம் தனியே கேட்டுத் தீர்ப்பை மாற்றலாம்; துணை நடுவர் கேட்கப்படாமல் பிறர் தீர்ப்பில் தலையிடுவதில்லை. அதற்கு மேல், தவறு தவறாகவே நின்றுவிடும்.

மிகுந்த அனுபவம் பெற்றவர்களுக்கும் இது நேர்ந்துள்ளது. 2010 சூன் 2 அன்று டிட்ராய்ட் நகரில் நடந்த தொழில்முறை ஆட்டத்தில் வீச்சாளர் அர்மாண்டோ கலராகா தொடர்ந்து 26 பேரை அவுட் ஆக்கியிருந்தார். 27ஆம் மட்டையாளரும் அவுட் என்றால் அது மிக அரிய ‘முழுமையான ஆட்டம்’ ஆகியிருக்கும். முதல் தள நடுவர் ஜிம் ஜாய்ஸ் ‘சேஃப்’ என்றார். ஆட்டத்துக்குப் பின் காணொளியைப் பார்த்த அவர், தாம் தவறிழைத்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு கலராகாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் பிளேட் நடுவராக நின்ற ஜாய்ஸிடம் கலராகாவே தம் அணியின் ஆட்டக்காரர் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். தீர்ப்பு மாற்றப்படவில்லை; ஆயினும் ஜாய்ஸ் மீதான மதிப்பு குறையவில்லை.

நடுவர் பற்றாக்குறை

தேசியக் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2018–19 பருவத்துக்கும் 2021–22 பருவத்துக்கும் இடையே எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பள்ளி நடுவர்கள் பணியை விட்டு விலகினர். கொரோனா பெருந்தொற்று ஒரு காரணம். பெற்றோரும் பயிற்றுநர்களும் பேசும் வசைச் சொற்கள் மற்றொரு காரணம். விலகுவோரில் பலர் முதல் சில ஆண்டுகளிலேயே விலகிவிடுகின்றனர். நடுவர் கிடைக்காமல் இளநிலை ஆட்டங்கள் வேறு நாளுக்குத் தள்ளப்படுவதும் கைவிடப்படுவதும் உண்டு. அதனால் இழப்பு மாணவர்களுக்கே.

இதனால் பல சங்கங்கள் புதியவரை மூத்த நடுவர் ஒருவருடன் இணைத்து அனுப்புகின்றன. ஆட்டம் முடிந்ததும் வாகன நிறுத்தத்தில் நின்று, எந்தத் தீர்ப்பில் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். வசை கேட்ட மாலையில் அந்த உரையாடல் கிடைத்தவர் அடுத்த ஆட்டத்துக்கும் வருகிறார். தனியே காரோட்டி வீடு திரும்பியவர் அடுத்த பருவத்தில் பதிவைப் புதுப்பிக்காமலே போய்விடக்கூடும்.