படகில் அடுப்பு பற்றவைக்கும் முன்

ஈரோட்டிலிருந்து ஆலப்புழைக்குக் குடும்பத்தோடு வேன் கிளம்பினால், பின்பக்கம் ஏறும் சாமான்களில் பல நேரம் கேஸ் அடுப்பும் சேர்ந்துவிடும். கூடவே குக்கர், அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம். கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அந்த அடுப்பை வேனுக்குள்ளோ படகு வீட்டுக்குள்ளோ பற்றவைத்தால் ஆபத்து பல மடங்காகிவிடுகிறது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படரும். வீட்டில் வாசற்கதவைத் திறந்தால் வெளியேறிவிடும். படகின் அடிப்பகுதியோ நாலாபுறமும் அடைத்த தொட்டி. கிணற்றில் ஊறும் தண்ணீரைப் போல வாயு அங்கே சேர்ந்து நிற்கும். அப்போது சுவிட்சைத் தட்டினால் எழும் சிறு பொறி போதும்.

மாதக்கணக்கில் கடலிலேயே வாழ்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? பாய்மரப் படகுகளில் சிலிண்டருக்குத் தனிப் பெட்டி உண்டு. அதன் அடியில் உள்ள துளை கசிவை நேரே படகுக்கு வெளியே தள்ளிவிடும். அடுப்பு ஊஞ்சல்போல ஆடும்படி பொருத்தப்பட்டிருப்பதால் படகு சாய்ந்தாலும் பாத்திரம் கவிழாது. சமைத்து முடித்ததும் அடுப்பின் திருகை மட்டுமல்ல, சிலிண்டரின் வால்வையும் மூடிவிடுவார்கள். இந்தியக் கடற்படையின் 56 அடி பாய்மரப் படகான 'தாரிணி'யில் அதன் அதிகாரிகளான புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்தின் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். அவ்வளவு சின்ன இடத்தில் அத்தனை மாதம் ஓட்டுவதற்கு எளிமையும் ஒழுங்கும் இல்லாமல் முடியாது.

அந்த ஒழுங்கு தவறினால் என்னவாகும் என்பதை மதுரை பார்த்தது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, ரயில் நிலையம் அருகே நின்றிருந்த லக்னோவிலிருந்து வந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம் என்றது ரயில்வே. ரயிலில் சிலிண்டர் கொண்டுபோனால் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

தீயைப் போலன்றி, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எமன் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசமில்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே கசிந்திருந்தது. மூடிய அறையில் எரியும் கரி அடுப்பும் இதையே செய்யும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் படகு ஆடுவதால்தான் என்று படுத்துவிடக் கூடாது. உடனே எல்லோரும் காற்றோட்டத்துக்கு வந்துவிட வேண்டும்.

படகு வீட்டில் போகிறவர்களுக்கு உரிமைகளும் உண்டு, கேட்பவர்கள்தான் குறைவு. 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி, இயந்திரப் படகு வீட்டுக்குப் பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு மூன்றும் தேவை. முன்பணம் கொடுக்கும் முன்பே அவற்றைக் காட்டச் சொல்லலாம். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், தீயணைப்பான், சிலிண்டர் இருக்கும் இடம் ஆகியவற்றை ஏறியதும் பார்த்துவிடுங்கள்.

பயணத்துக்குச் சிலிண்டர் வேண்டுமென்றால், முகவரிச் சான்று இல்லாமலே, அடையாள அட்டையைக் காட்டி எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டரை வாங்கலாம். திருட்டுத்தனமாக கேஸ் நிரப்பித் தரும் மினி சிலிண்டர் வேண்டவே வேண்டாம், அது சட்டவிரோதம். சிலிண்டரின் கழுத்தில் 'C-27' என்றிருந்தால் 2027 செப்டம்பருக்குள் மறுசோதனை செய்ய வேண்டியது என்று பொருள். தேதி கடந்திருந்தால் வாங்க மறுக்கலாம். எடையும் கசிவும் சோதித்துத் தருவது விநியோகஸ்தரின் கடமை. எரிவாயுவே காரணமான விபத்துகளுக்கு எண்ணெய் நிறுவனங்கள் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. அதனால் விபத்து நடந்தால் விநியோகஸ்தருக்கு உடனே எழுத்து மூலம் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

படகு வீட்டுக்காரர் சொன்ன வசதி இல்லாமல் ஏமாற்றினால் ரசீதோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஈரோட்டுக்காரர்கள் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை.

சமையலுக்கு அரிசிம்பருப்புச் சாதமே போதும். ஒரே குக்கரில் சீக்கிரம் வெந்துவிடும். அதையும் கரையில் இறங்கி, திறந்த வெளியில் சமைத்துவிட்டுப் படகேறுங்கள். கசிவு வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வால்வை மூடி, எல்லோரையும் வெளியேற்றி, தள்ளி நின்று 1906-ஐ அழையுங்கள்.